மகள் கபடி விளையாடலாமா?

கேள்வி: நாங்கள் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, தரம் 8. பள்ளிக்கூடக் கபடி அணி வலயமட்டத்தில் வென்று மாகாணமட்டத்துக்குப் போகிறது. டீச்சர் இவளையும் அணியில் எடுத்திருக்கிறா. பெரிய பிள்ளையாகி இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. "பொம்பிளைப் பிள்ளை மண்ணில விழுந்து பிரண்டு விளையாடுறதா" என்று மாமி ஒவ்வொரு நாளும் ஏசுகிறா. கணவர் கட்டாரில். போன் எடுத்தால், "கபடி வேண்டாம், டவுனில பட்மின்டனுக்குச் சேர்த்துவிடு" என்கிறார். மகனுக்கு 9 வயது. அவன் ஃபுட்போல் என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவான். தகப்பனோ கிரிக்கெட் வகுப்புக்கு விடச்சொல்லி துடுப்பு, கையுறை எல்லாம் அனுப்பியிருக்கிறார். அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதினை வேறு. எந்தப் பிள்ளையை எந்த விளையாட்டில் விடுவது? மறுகா பிள்ளைகளின் வாழ்க்கைக்கு ஏதும் பிழை வந்துவிடக்கூடாது என்று பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம், படுவான்கரை

பதில்: மகளை மாகாணமட்டத்துக்கு அனுப்புங்கள், தங்கச்சி. மகனுக்கு இப்போதைக்குக் கிரிக்கெட் வகுப்பு வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கும் நீந்தப் பழக்குங்கள். நீச்சலைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆனாலும் மட்டக்களப்பு வாவிக்கரையில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தாய் என்னிடம் விளையாட்டைப் பற்றிக் கேட்டாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

மாமியின் பேச்சிலிருந்து தொடங்குவோம். அவ சின்ன வயதில் நிலவு வெளிச்சத்தில் கிளித்தட்டு விளையாடியிருப்பா. ஒருநாள் ஆறுதலாகக் கேட்டுப்பாருங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் மண்ணில் ஓடி, விழுந்து, எழும்பி வளர்ந்தவர்கள்தான். அந்த ஓட்டம் பெரிய பிள்ளையான நாளோடு நின்றுவிடுகிறது. இல்ல விளையாட்டுப் போட்டியில் தரம் ஆறிலும் ஏழிலும் முதலாவதாக வந்த பிள்ளைகள், தரம் ஒன்பதில் கொட்டிலுக்குள் இருந்து மற்றவர்களுக்குக் கைதட்டுவதை நான் வருசா வருசம் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் கால்களில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் "போதும்" என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்பு வலுவில் பெரும்பங்கு பதின்ம வயதில்தான் சேர்கிறது. ஓடிப் பாய்ந்து விளையாடும் பிள்ளைக்கு அது கூடுதலாகச் சேரும். அந்த வயதில் பார்த்து நாங்கள் பிள்ளையை உட்கார வைக்கிறோம்.

மாதவிடாய் நாட்களில் விளையாடினால் கர்ப்பப்பைக்குக் கேடு என்பதில் உண்மை இல்லை. உடம்பு முடியாவிட்டால் அன்றைக்கு ஓய்வு எடுக்கட்டும், முடிந்தால் விளையாடட்டும். அதை அவளே சொல்லட்டும். இரத்தம் போகும் பிள்ளைக்கு இரும்புச்சத்து வேண்டும். மீன், கீரை, பருப்பு தட்டில் குறையாமல் பாருங்கள். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராமல் நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கபடியில் காயம் வராது என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால், கணுக்கால், விரல் மூன்றும் அடிபடும் இடங்கள். ஆனால் பட்மின்டனிலும் கணுக்கால் பிரளும், முழங்கால் நோகும். காயத்தைக் குறைப்பது எது என்று பாருங்கள். நிலத்தில் கல்லும் கண்ணாடித்துண்டும் கிடக்கக்கூடாது. பிடிப்பதற்கு முன் விழப் பழக்கியிருக்க வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். தோடு, சங்கிலி, காப்பு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. 13 வயதுப் பிள்ளையைத் தன்னைவிட மிகப் பாரமான அக்காமாரோடு மோதவிட்டுப் பயிற்சி கொடுக்கக்கூடாது. கபடியில் எடை வரம்பு வைத்திருப்பதே இதற்காகத்தான். இதையெல்லாம் டீச்சரிடம் நேரே கேளுங்கள். நல்ல ஆசிரியை கோபிக்கமாட்டா, சந்தோசப்படுவா.

இன்னொரு பயம் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் பெண்பிள்ளையைப் பெற்ற எல்லோருக்கும் அது இருக்கிறது. யார் பழக்குகிறார்கள், யார் கூடப் போகிறார்கள், இரவில் எங்கே தங்குகிறார்கள்? மாகாணமட்டப் போட்டி திருகோணமலையிலோ அம்பாறையிலோ நடந்தால் பிள்ளைகள் வெளியூரில் தங்கவேண்டி வரலாம். பெண் ஆசிரியை ஒருவர் முழுநேரமும் கூட இருக்க வேண்டும். தங்குமிடம் எது என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெரிய வேண்டும். பயிற்சி எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். எந்தப் பயிற்றுவிப்பாளரும் பிள்ளையைத் தனியே வரச்சொல்லக்கூடாது, தனியே போனில் செய்தி அனுப்பக்கூடாது. இவற்றில் ஒன்று பிழைத்தாலும் அது எவ்வளவு பெரிய விளையாட்டாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால், அது கபடியா பட்மின்டனா என்பது இரண்டாம் பட்சம்.

எந்த விளையாட்டு என்பதைவிட யார் பழக்குகிறார் என்பதே முக்கியம் என்பதற்கு எங்கள் மட்டக்களப்பிலேயே சாட்சி இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லூசியானாப் பக்கமிருந்து இயேசு சபைத் துறவிகள் இங்கே வந்தார்கள். வெபர் அடிகளார் மெய்வல்லுநர் போட்டிகளுக்குப் பிள்ளைகளை உருவாக்கினார். டவுனில் உள்ள வெபர் மைதானம் அவர் பெயரில்தான் நிற்கிறது. யூஜின் ஹேபியர் அடிகளார் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். அந்த விளையாட்டை அன்றைய தகப்பன்மாரில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்பார்கள்? அதனால் வேலை கிடைக்குமா, பேர் கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் பிள்ளைகளை விட்டார்கள், ஏனென்றால் பழக்குகிற மனிதரை நம்பினார்கள். புனித மிக்கேல் கல்லூரியின் பெயர் இலங்கைக் கூடைப்பந்தாட்டத்தில் நிலைத்தது அப்படித்தான். ஹேபியர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். கூடச் சென்ற இளைஞரும் திரும்பவில்லை. அவர் கையில் பந்து வாங்கிய பிள்ளைகள் இன்றைக்குப் பேரப்பிள்ளை கண்டவர்கள். அவரைப் பற்றிப் பேசும்போது இப்போதும் அவர்கள் கண் கலங்கும்.

உங்கள் கணவரின் மனம் எனக்கு விளங்குகிறது. வெயிலில் உழைக்கிற மனிதர், மகள் கூரைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்துப் போட்டு விளையாட வேண்டும் என்று நினைக்கிறார். அது பிழையான ஆசை இல்லை. பட்மின்டன் நல்ல விளையாட்டு. ஆனால் டவுனுக்குப் போய்வரும் நேரத்தையும், பின்னேரம் இருட்டி வீடு திரும்புவதையும், இறகுப்பந்துக்கும் அரங்குக்கும் ஆகும் செலவையும் அவரோடு போனில் பேசிக் கணக்குப் பாருங்கள். பள்ளிக்கூட வளவிலேயே, தெரிந்த டீச்சரோடு, கூட்டாளிமாரோடு விளையாடக் கபடி இருக்கிறது. அதற்கு ஒரு பந்துகூட வாங்கத் தேவையில்லை. அது நாட்டுப்புறத்து விளையாட்டுத்தானே என்று அவர் சொன்னால், 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலிருந்து பெண்கள் கபடிக்கும் பதக்கம் கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 6 அடி 10 அங்குல உயரம். அந்த உயரத்துக்காக ஊரின் கேலியைத் தாங்கி வளர்ந்தவர். 2009, 2018, 2022 மூன்று வருசமும் இலங்கை வலைப்பந்தாட்டத்தில் ஆசியக் கிண்ணம் வென்றபோது அணியில் இருந்தார். ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் வைத்திருந்த அளவுக்குள் அடங்காத பிள்ளை அவர். எல்லாப் பிள்ளையும் தர்ஜினி ஆகாது. ஆனால் "இது பெண்பிள்ளைக்குச் சரிவராது" என்று ஊர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அவர் போதும். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் தாய்மாரும் இதே கவலையோடு எனக்கு எழுதுகிறார்கள். தலையை மூடி விளையாட உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா 2014இலும், கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் அனுமதி கொடுத்துவிட்டன. உடுப்பைக் காரணம் காட்டிப் பிள்ளையை நிறுத்த வேண்டிய காலம் போய்விட்டது.

மகனுக்கு வருவோம். 9 வயதில் எந்தப் பிள்ளையும் ஒரே விளையாட்டில் கட்டுப்படத் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னது, ஒரே விளையாட்டில் மட்டும் ஈடுபடுவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது பெரும்பாலான விளையாட்டுகளுக்கு நல்லது என்றுதான். சின்ன உடம்பில் ஒரே மூட்டு, ஒரே தசை திரும்பத் திரும்பத் தேய்ந்தால் காயம் வரும், சலிப்பும் வரும். ரோஜர் பெடரர்கூடச் சின்ன வயதில் டென்னிஸோடு உதைபந்து, பட்மின்டன், கூடைப்பந்து எல்லாம் விளையாடியவர். பெஞ்சமின் புளூம் என்ற கல்வியியலாளர், ஒலிம்பிக் நீச்சல்காரர் உட்படத் தங்கள் துறையில் உச்சிக்குப் போன 120 பேரின் இளமையை ஆராய்ந்து 1985இல் நூல் வெளியிட்டார். அவர்களில் பலருக்கு முதல் ஆசான் புகழ்பெற்றவர் இல்லை. அயலில் இருந்த, பிள்ளைகளோடு அன்பாகப் பழகிய ஒருவர்.

துடுப்பை மூலையில் போடாதீர்கள். கடினப்பந்து வேண்டாம், மென்பந்து வாங்கிக் கொடுங்கள். வளவில் கூட்டாளிமாரோடு அடிக்கட்டும். பின்னேரம் ஃபுட்போல் விளையாடட்டும். புலமைப்பரிசிலுக்காக விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். 5 முதல் 17 வயதுவரை ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாடி வந்த பிள்ளை புத்தகத்தின் முன்னே இருப்பான். அடைத்து வைத்த பிள்ளை புத்தகத்தின் முன்னே நித்திரை கொள்வான்.

விளையாட்டால் வாழ்க்கை கிடைக்குமா என்றும் நீங்கள் மறைமுகமாகக் கேட்கிறீர்கள். முப்படை, பொலிஸ், சில வங்கிகள் நல்ல வீரர்களை எடுக்கின்றன. தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி உண்டு. அதற்கும் உயர்தரத்தில் சித்தி வேண்டும். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம். ஆகவே வலயமட்டச் சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் ஒரு கோவையில் பத்திரமாக வையுங்கள். ஆனால் அந்த இடத்துக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். அதை நினைத்துக்கொண்டு பிள்ளையைத் தோல்விக்குப் பிறகு ஏசினால், அடுத்த வருசம் அவள் விளையாடவே மாட்டாள். தோற்று வரும் பிள்ளையிடம் முதலில் "சாப்பிட்டியா" என்று கேளுங்கள். ஏன் தோற்றோம் என்று டீச்சர் சொல்லிக்கொடுப்பா.

இனி நீச்சல். எங்கள் வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளம். படுவான்கரைப் பிள்ளைக்கு வாவியும் வாய்க்காலும் குளமும் வாசலிலேயே இருக்கின்றன. மாரியில் வயலெல்லாம் வெள்ளம். அப்படியிருந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்! 2004 சுனாமிக்குப் பிறகு பல குடும்பங்கள் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்தன. அந்த வலியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தண்ணீருக்குப் பயந்த பிள்ளையைத் தண்ணீர் விட்டுவைப்பதில்லை. ஆண்டுதோறும் இலங்கையில் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். கபடியா கிரிக்கெட்டா என்பதைப் பிள்ளை தெரிவுசெய்யலாம். நீச்சலை மட்டும் பெற்றோர் கட்டாயமாக்கலாம், கட்டாயமாக்க வேண்டும். வாவியில் தனியே இறக்கிப் பழக்காதீர்கள். முதலை உண்டு, சேறும் ஆழமும் கண்ணுக்குத் தெரியாது. பயிற்சி பெற்ற ஒருவரின் கண்காணிப்பில், நீச்சல் தடாகத்திலோ பாதுகாப்பான இடத்திலோ பழக வேண்டும். மல்லாந்து மிதக்கவும், ஒரே இடத்தில் நின்று மூச்சுவிடவும், கரைவரை வரவும் தெரிந்தால் முதற்கட்டத்துக்குப் போதும்.

வரும் கிழமை ஒருநாள் பின்னேரம் மைதானத்துக்குப் போய், மகள் விளையாடுவதை முழுதாக இருந்து பாருங்கள். மாமியையும் கூட்டிப்போங்கள். போனில் பிடித்துக் கட்டாருக்கு அனுப்புங்கள். பிறகு, நான் சொன்னவற்றை டீச்சரிடம் கேட்டு, மருத்துவச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு, சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வைத்துக் கொடுங்கள்.