கடலறிவில் கூட்டுறவு

நீடாமங்கலத்து நாம் மருதநிலத்தார். ஆயினும் நெய்தற்கடல் நமக்குத் தொலைவன்று என்பதை 2018 நவம்பர் 16இல் கரைகடந்த கஜா புயல் உணர்த்திற்று. புயலுக்கு வலிமையூட்டும் கடல்வெப்பத்தை முழுதும் அளத்தல் ஒரு நாட்டால் ஆகாது. எனவே பல நாடுகள் கூடி 'ஆர்கோ' மிதவைகளைக் கடலில் விட்டுள்ளன. பத்து நாளுக்கொருமுறை அவை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வெப்பத்தையும் உப்பளவையும் செயற்கைக்கோள்வழி அனுப்புகின்றன. அவ்வளவீடுகள் எல்லார்க்கும் பொது. ஐதராபாத்தில் 1999இல் தோன்றிய இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அவற்றையும் கொண்டே கடல்நிலையை முன்னறிவிக்கிறது.

2004 ஆழிப்பேரலையின்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை. இன்று இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இக்கடல்சூழ் நாடுகளுக்கு எச்சரிக்கை வழங்குகின்றன. நாடுகள் பகிர்ந்த இவ்வறிவு, மீனவர்க்கும் உழவர்க்கும் எளிய தமிழில் எட்டினாலன்றிப் பயன் நிறையாது. அப்பணி தமிழ் கற்ற நம் கடனாகும்.