தன் கதை எழுதும் மாணவர்: கேள்வியும் பதிலும்

கேள்வி: ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் மற்ற தலைப்புகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ‘உன்னைப் பற்றி எழுது’ என்றால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: முதல் காரணம் பழக்கம். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று பள்ளிக் கட்டுரையின் சட்டகம் முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. அதை நிரப்பும் செய்திகளும் மேற்கோள்களும் உரைநூலில் கிடைத்துவிடுகின்றன. குடையின் தன்வரலாறு, ரூபாய் நாணயத்தின் தன்வரலாறு என்று கற்பனைக் கட்டுரை எழுதிய மாணவருக்குத் தன் வரலாற்றை எழுதும் வாய்ப்பு அநேகமாக வாய்ப்பதே இல்லை. எந்த உரைநூலிலும் இல்லாத பாடம் அவருடைய சொந்த வாழ்க்கை.

இரண்டாவது காரணம், ‘என்னிடம் எழுத என்ன இருக்கிறது?’ என்ற எண்ணம். பாடநூலில் வாழ்க்கை வரலாறு என்றாலே தலைவர்கள், அறிஞர்கள், விடுதலை வீரர்கள். தண்ணீர்க் குடம் சுமப்பதும், தம்பியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், பண்டிகைக்கு ஊருக்குப் போவதும் எழுத்துக்கு உரிய பொருள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது காரணம் அச்சம். எழுதினால் ஆசிரியர் படிப்பார், பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பார், வீட்டுக்குத் தெரிந்தால் திட்டு விழும். வீட்டின் வறுமை, அப்பாவின் குடி, சாதி, உடல்தோற்றம் என்று மறைக்கத் தோன்றுபவை பதினைந்து வயதில் ஏராளம். பழக்கத்தை மாற்றுவது, சிறியவற்றின் மதிப்பை உணர்த்துவது, அச்சத்துக்கு இடமில்லாத வகுப்பை அமைப்பது ஆகிய மூன்றும் ஆசிரியரின் பொறுப்பு.

கேள்வி: அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘நான் யார்?’ என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி. தொடக்கத்தில் அதைக் கேட்டால் ‘நான் நேர்மையானவன், கடின உழைப்பாளி’ என்ற வாசகங்களே வரும். ஊர், பெயர், பொருள் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது எளிது. உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக எழுதிய ‘என் சரித்திரம்’ அவருடைய ஊரான உத்தமதானபுரத்தைப் பற்றிய அத்தியாயத்தோடுதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகே முன்னோரும் அவரும் வருகிறார்கள்.

வகுப்பில் செய்யத்தக்க நான்கு பயிற்சிகள்:

முதலாவது, பெயர். பெயரை யார் வைத்தார்கள், வேறு எந்தப் பெயர் வைக்க இருந்தார்கள், வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்தப் பட்டப்பெயர் பிடிக்காது என்று எழுதச் சொல்லலாம். விடை தேடி மாணவர் பாட்டியிடமோ அத்தையிடமோ பேசப் போவார். அந்தப் பேச்சும் எழுத்துக்கு உரிய பொருள்.

இரண்டாவது, வழி. வீட்டிலிருந்து பள்ளிவரை படம் வரைந்து, ஏதாவது நடந்த ஐந்து இடங்களைக் குறிக்க வேண்டும். விழுந்து அடிபட்ட இடம், நாய் துரத்திய சந்து, தோழியோடு சண்டை போட்ட பேருந்து நிறுத்தம். ஐந்தில் ஒன்றை மட்டும் எழுத வேண்டும்.

மூன்றாவது, பொருள். ரேஷன் அட்டை, தையல் மெஷின், தாத்தாவின் டிரங்குப் பெட்டி போன்ற ஏதேனும் ஒரு பொருள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நான்காவது, கைத்திறன். பூக் கட்டுவது, வலை பின்னுவது, ஆட்டுக்கு நோய் கண்டால் பார்ப்பது, வங்கிப் படிவத்தை வீட்டாருக்கு நிரப்பித் தருவது என்று தனக்குத் தெரிந்த ஒரு வேலையைத் தெரியாதவருக்கு விளக்க வேண்டும். மதிப்பெண் குறைந்த மாணவரும் வகுப்புக்குக் கற்றுத்தரும் இடத்தில் நிற்பது இந்தப் பயிற்சியில்தான்.

கேள்வி: மாணவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருக்கிறதே?

பதில்: உணர்வின் பெயரை எழுதி நிறுத்திவிடுவதால் வரும் குறை இது. திருப்பூரில் படிக்கும் ஒரு மாணவி ‘என் அம்மா மிகவும் கஷ்டப்பட்டு என்னை வளர்க்கிறார். அவர் எனக்குத் தெய்வம் போன்றவர்’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்த அம்மாவும் இல்லை. ‘நன்றாக எழுது’ என்று தாளைத் திருப்பிக் கொடுத்தால் பயன் இராது. கேள்வி கேட்க வேண்டும். அம்மா எங்கே வேலை பார்க்கிறார்? எத்தனை மணிக்கு வருகிறார்? வந்ததும் முதலில் என்ன செய்கிறார்? சம்பள நாள் எது? அன்று வீட்டில் என்ன மாறும்?

விடைகளைச் சேர்த்து எழுதினால் கட்டுரை இப்படி ஆகும்: ‘அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். சனிக்கிழமை சம்பளம். அன்று பஸ் ஸ்டாண்டு கடையில் அரைக் கிலோ மிக்சர் வாங்கி வருவார். ஓ.டி. இல்லாத வாரம் கால் கிலோதான். பொட்டலத்தைப் பார்த்தே நானும் தம்பியும் கணக்குப் போட்டுவிடுவோம்.’ கஷ்டம் என்ற சொல் இதில் ஓர் இடத்திலும் இல்லை. ஆனால் அந்த வீட்டின் கஷ்டம், பாசம், பிள்ளைகளின் கூர்மை எல்லாம் தெரிகின்றன. எப்போது, எங்கே, யார், என்ன சொன்னார், கையில் என்ன இருந்தது என்ற ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் நிரந்தரமாக எழுதிவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: வீட்டில் பேசும் தமிழில் எழுதலாமா? தேர்வில் அது தவறாகுமே?

பதில்: முதல் வரைவை வீட்டுத் தமிழிலேயே எழுதவிட வேண்டும். எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொண்டே நினைவுகூர வேண்டியிருந்தால் நினைவு பாதியில் அறுந்துபோகும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது, அவருடைய ஊர் மக்கள் பேசும் மொழியிலேயே ஒரு தன்வரலாற்றை முழுமையாகச் சொல்ல முடியும் என்பது உறுதியானது. கரிசல் வட்டார வழக்குக்கு கி.ராஜநாராயணன் 1982இலேயே அகராதி தந்திருக்கிறார். வட்டார வழக்கு எழுத்தில் ஏறிப் பல காலம் ஆகிவிட்டது.

இரண்டாம் வரைவில் மாணவர் முடிவெடுக்கலாம். நிகழ்ச்சியை விவரிக்கும் பகுதியைப் பொது எழுத்துநடையில் திருத்திக்கொண்டு, மனிதர்கள் பேசும் பகுதியை அப்படியே வைப்பது பலருக்கும் ஒத்துவரும் வழி. வீட்டில் தெலுங்கு, உருது, சௌராஷ்டிரம், கன்னடம், இந்தி பேசும் மாணவர்கள் அந்த மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதலாம். தேர்வுக்கான கட்டுரை வேறு, இந்த எழுத்து வேறு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

கேள்வி: அடையாளம் என்றாலே சாதியும் மதமும் வந்துவிடுகின்றனவே. அவற்றை எழுதச் சொல்லலாமா?

பதில்: சாதியையோ மதத்தையோ தலைப்பாகக் கொடுக்கக் கூடாது. எழுதுபவரே அந்த இடத்துக்கு வந்தால் தடுக்கவும் கூடாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் சாதி வெறியால் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், கையில் வண்ணக்கயிறு கட்டுவது முதலான சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது. நிலைமை இப்படி இருக்கும்போது ஒரு மாணவரின் சாதியை வகுப்பின் முன் வாசிக்கவைப்பது அவரை ஆபத்தில் நிறுத்துவதாகும்.

ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் மாணவரே மூன்றில் ஒன்றாக வகைப்படுத்த வேண்டும்: தனக்கு மட்டும், ஆசிரியருக்கு மட்டும், வகுப்புக்கு. தாளின் மேலே அதைக் குறித்துவிட வேண்டும். ஆசிரியர் அந்தக் குறிப்பை ஒருமுறைகூட மீறக் கூடாது. மீறினால் அந்த வகுப்பில் மறுபடி உண்மை எழுதப்படாது.

அடையாளத்தை எழுதும் முறையைக் கற்பிக்க இரண்டு நல்ல மாதிரிகள் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் ‘மெமரீஸ் ஆஃப் சைல்ட்ஹுட்’ என்ற தலைப்பில் இருக்கின்றன. ஒன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுமியான பாமா, தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்ன பிறகே, அது வேடிக்கை அன்று, தீண்டாமை என்று தெரியவருகிறது. இன்னொன்றில் அமெரிக்கப் பூர்வகுடிச் சிறுமியான ஜிட்கலா-ஷா, உறைவிடப் பள்ளியில் தன் நீண்ட கூந்தலை வெட்டப்போகிறார்கள் என்று அறிந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார்.

இரண்டிலும் ஒரே உத்திதான் இருக்கிறது. குழந்தை அப்போது கண்டது முதலில் வருகிறது. அதன் பொருள் பின்னால் விளங்குகிறது. ‘அப்போது என்ன பார்த்தாய்? இப்போது என்ன புரிகிறது?’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனிப் பத்தியில் விடை எழுதினால், எந்த மாணவரும் இந்த உத்தியைக் கைக்கொள்ளலாம். முழக்கங்களுக்கும் பழிச்சொற்களுக்கும் அங்கே தேவை இராது.

அடையாளம் ஒன்றே ஒன்று அன்று என்பதையும் வகுப்பில் பேச வேண்டும். மூத்த மகள், கபடி வீராங்கனை, விடுதி மாணவி, குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு தாண்டியவர் என்று ஒருவரிடமே பல அடையாளங்கள் உண்டு. எதை முன்னே வைப்பது என்று முடிவு செய்வது எழுதுபவரின் உரிமை.

கேள்வி: அப்பா அம்மாவைப் பற்றியும் நண்பர்களைப் பற்றியும் எழுதும்போது அவர்களுக்குச் சங்கடம் வராதா?

பதில்: வரலாம். அதைத் தவிர்க்கப் பெயரை மாற்றுவது பழைய, நேர்மையான வழி. நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ நேர்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1942 ஜூனில், பதின்மூன்றாம் பிறந்தநாளன்று பரிசாகக் கிடைத்த நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினார். 1944 மார்ச்சில், போர்க்கால நாட்குறிப்புகளைப் பாதுகாக்கும்படி நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் வானொலியில் கேட்டுக்கொண்டதைக் கேட்டதும், நூலாக வெளியிடும் எண்ணத்தோடு அதைத் திருத்தி எழுதினார். அப்போது உடன் ஒளிந்திருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்களையும் யோசித்து வைத்தார். பதினான்கு வயதில் அவர் செய்ததை நம் மாணவர்களும் செய்யலாம். பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றை மாற்றினாலும் நிகழ்ச்சியின் உண்மை குறையாது. பள்ளி இதழில் அச்சிடுவதானால், எழுதியவர் சம்மதத்தோடு எழுதப்பட்டவர் சம்மதமும் வேண்டும்.

கேள்வி: ஒரு மாணவர் தாங்க முடியாத துயரத்தை எழுதிவிட்டால் ஆசிரியர் என்ன செய்வது?

பதில்: துயரத்தை எழுதுவது நல்லது என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் மனத்தை வருத்திய நிகழ்ச்சிகளைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதையொட்டிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ உதவி தேடிச் சென்றது குறைந்தது. அதே ஆய்வு, எழுதி முடித்த உடனே அவர்களின் மனம் சோர்ந்திருந்ததையும் பதிவு செய்தது. ஆகவே துயரத்தை எழுதும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. எழுதியவரை உடனே தனியே விடவும் கூடாது.

வன்முறையோ பாலியல் அத்துமீறலோ எழுத்தில் தெரியவந்தால் கட்டுரையைத் திருத்தும் வேலை அங்கேயே நிற்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்பதை எழுதத் தொடங்கும் முன்பே வகுப்புக்குச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 இரண்டும் வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும்.

கேள்வி: இந்த எழுத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

பதில்: வாழ்க்கைக்கு மதிப்பெண் கிடையாது. அதிகத் துயரம் எழுதியவருக்கு அதிக மதிப்பெண் என்ற எண்ணம் வகுப்பில் பரவினால் பொய்த்துயரங்கள் பெருகும். மதிப்பிடத்தக்கவை வேறு: கண்முன் நிற்கும் விவரங்கள் உண்டா, ஒரு நிகழ்ச்சி தொடக்கத்திலிருந்து முடிவுவரை தெளிவாக வந்திருக்கிறதா, முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் இடையே வளர்ச்சி உண்டா. சந்திப்பிழையும் எழுத்துப்பிழையும் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ள வேண்டியவை. முதல் வரைவில் சிவப்பு மை படவே கூடாது. ஆசிரியர் உண்மையாகவே அறிய விரும்பும் இரண்டு கேள்விகளை ஓரத்தில் எழுதினால் போதும்.

வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போருக்கும் இதே பயிற்சி உதவும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பம் 650 சொற்களுக்குள் ஒரு தன்கட்டுரை கேட்கிறது. பட்டமும் பதக்கமும் விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளில் வந்துவிடுவதால், கட்டுரையில் தேடப்படுவது அந்த மாணவரின் குரல். பெற்றோரோ பயிற்சி நிலையமோ கணினியோ எழுதித் தந்த கட்டுரையில் அது இருக்காது.

மாதத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க எந்தப் பள்ளியாலும் முடியும். ஆசிரியர்கள் செய்ய வேண்டியவை மூன்றே: சிறியதை எழுதவிடுங்கள், மறைக்க விரும்புவதை மறைக்க விடுங்கள், பிழை தேடும் முன் வாசகராக இருந்து படியுங்கள்.