‘ஸ்கிரீனிங்’ என்பது தீர்ப்பன்று

மருத்துவமனைக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் சொற்களுள் ‘ஸ்கிரீனிங்’ ஒன்றாகும். இச்சொல் துறைக்குத் துறை பொருள் மாறுவது. மருத்துவத்தில் அதன் பொருளைப் பிழையாகக் கொண்டால் வீண் அச்சமோ வீண் நம்பிக்கையோ விளையும்.

துறைதோறும் பொருள்

கல் குவாரியில் ஸ்கிரீனிங் என்பது உடைத்த கல்லைச் சல்லடையில் சலித்து அளவுவாரியாகப் பிரித்தலாகும். மருந்து ஆய்வகத்தில், ஆயிரக்கணக்கான வேதிச்சேர்மங்களுள் பயன்தரக்கூடிய சிலவற்றைத் தெரிந்தெடுத்தலாகும். மின்னியலிலோ அது தடுத்து மறைத்தலைக் குறிக்கும், எம்.ஆர்.ஐ. அறையின் சுவர்களில் உலோகத் தகடு பதிப்பது வெளியிலுள்ள வானொலி அலைகள் உட்புகாமல் தடுப்பதற்கே.

மருத்துவத்தில்

அறிகுறி ஏதுமில்லாதவர்களுள் நோய் இருக்க வாய்ப்புள்ளவரைப் பிரித்தறிவதே மருத்துவ ஸ்கிரீனிங். பிறந்த குழந்தையின் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துத் தைராய்டு குறைபாட்டைத் தேடுகிறோம். உடனே சிகிச்சை தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படும். கருப்பைவாய்ப் பரிசோதனை, புற்றுநோயாக மாறும் முன்பே திசு மாற்றத்தைக் காட்டும். 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மீண்டும் ஒருமுறையும் பெண்கள் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த இலக்குகளுள் ஒன்று.

ஒரு கணக்கு

1,000 பேருள் 10 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளோரில் 100-க்கு 90 பேரையும், நோயற்றோரில் 100-க்கு 95 பேரையும் சரியாகக் காட்டும் சோதனையைச் செய்கிறோம். நோயுள்ள 10 பேரில் 9 பேர் சிக்குவர், ஒருவர் தவறிவிடுவார். நோயற்ற 990 பேரிலும் ஏறத்தாழ 50 பேருக்கு ‘பாசிட்டிவ்’ என்றே வரும். ஆக, ‘பாசிட்டிவ்’ பெற்ற 59 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 9 பேரே.

நாம் செய்யவேண்டுவது

‘பாசிட்டிவ்’ என்றால் நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளன்று. அடுத்த சோதனை தேவை என்பதே பொருள். அஞ்சி வராமல் இருந்துவிடுவதே பெருந்தீங்கு, அந்த 9 பேருள் நாமும் ஒருவராக இருக்கக்கூடும். ‘நெகட்டிவ்’ என்பதும் ஆயுட்கால உறுதிமொழியன்று. உடலில் மாற்றம் தென்பட்டால் அடுத்த தவணைக்குக் காத்திராது மருத்துவரைக் காண்க.

முறத்தில் புடைத்தபின்னும் அரிசியைக் கையால் ஆய்ந்து கல் பொறுக்குகிறோம் அல்லவா? ஸ்கிரீனிங் முறத்தின் வேலை. உறுதிப்படுத்தும் பரிசோதனை கையின் வேலை. இரண்டும் வேண்டும். முடிவுத்தாளைப் பெற வரும்போது குடும்பத்தாருள் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள், “அடுத்து என்ன சோதனை, எப்போது?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.