சுவரை வெட்டாமல் ஒரு சுவிச்
கம்பியில்லா ஆளிகள் பற்றி ஒரு பாடம்

ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு வீடு என்பது பெரும்பாலும் பிறருடைய சுவர்தான். கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளின் பின் அறைகளிலோ, 'அனெக்ஸ்' என்று சொல்லப்படும் ஒட்டு வீடுகளிலோ வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அப்படியிருக்க, அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு லைற் சுவிச் வேண்டும் என்று சுவரை வெட்டி வயர் போட யார் சம்மதிப்பார்கள்?

ஊர் திரும்பியவர்களின் நிலை வேறு விதமானது. பலர் தமது வீட்டைக் கண்டபோது கூரையும் இல்லை, கதவு நிலைகளும் இல்லை. சுவருக்குள் இருந்த செப்புக் கம்பியைக்கூட யாரோ இழுத்து எடுத்துப் போயிருந்தார்கள். கடன்பட்டுச் சுவரைப் பூசி முடித்தபின், மலசலகூடத்துக்கு ஒரு லைற் போட மறந்துவிட்டோமே என்று அதே சுவரை மறுபடியும் வெட்ட மனமும் வராது, பணமும் இராது.

இந்த இரண்டு வகைக் குடும்பங்களுக்கும் உதவக்கூடிய ஒரு பொருள் இப்போது மின்சாரப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. 'வயர்லெஸ் சுவிச்' என்று கேட்டால் தருவார்கள். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். செய்யாததை அறிவதுதான் கூடிய முக்கியம். ஏனெனில் அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

1. இது எப்படி வேலை செய்கிறது?

சாதாரண ஆளியில் மின்சாரம் உயிர்க்கம்பி வழியாக ஆளிக்கு வந்து, அங்கிருந்து மின்குமிழுக்குப் போகிறது. ஆளியை அணைத்தால் அந்தப் பாதை துண்டிக்கப்படுகிறது. ஆகவே ஆளி எங்கே இருக்கிறதோ அங்கே வயரும் போய்த்தான் ஆக வேண்டும்.

கம்பியில்லா ஆளி இரண்டு துண்டாக வருகிறது. ஒன்று கையால் அழுத்தும் தட்டு. அதற்கு எந்த வயரும் இல்லை. அழுத்தும்போது அது ஒரு சிறிய வானொலிச் சைகையை அனுப்புகிறது. மற்றது வாங்கி. தீப்பெட்டி அளவிலோ சற்றுப் பெரிதாகவோ உள்ள இந்தப் பெட்டியை லைற்றுக்கு அருகில் பொருத்துவார்கள். சைகை கிடைத்ததும் அது லைற்றை எரிக்கும் அல்லது அணைக்கும். வானொலி நிலையத்துக்கும் நம் வீட்டு வானொலிப் பெட்டிக்கும் உள்ள உறவுதான் இவை இரண்டுக்கும் உள்ளது. இதற்கு இணையம் தேவையில்லை. கைத்தொலைபேசி மூலம் இயங்கும் வகைகளும் உண்டு. ஆனால் நமது தேவைக்கு அவை வேண்டியதில்லை.

அழுத்தும் தட்டுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? சில வகைகளில் நாணயம் போன்ற சிறிய பற்றறி உண்டு. வேறு சில வகைகளில் பற்றறியே கிடையாது. இதை விளங்கிக்கொள்ள நமக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 1990இல் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோன பின்னர், ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். பற்றறியும் கிடைக்காதபடியால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த விதிதான் அந்த டைனமோவை இயக்கியது. பற்றறி இல்லாத ஆளிக்குள்ளும் ஒரு சிறு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. விரல் அழுத்தும் அந்த ஒரு கணத்தில் பிறக்கும் மின்சாரம் ஒரு சைகையை அனுப்பப் போதும். ஜேர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்திலிருந்து பிரிந்து 2001இல் தொடங்கிய என்ஓஷன் என்ற நிறுவனம் இந்த முறையை வளர்த்தது. 2012இல் அதன் வானொலி முறை சர்வதேசத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று பல நாடுகளில் இதைப் போன்றவை செய்யப்படுகின்றன.

2. எந்த வயர் மிச்சம், எந்த வயர் மிச்சமில்லை?

'கம்பியில்லா' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. லைற்றுக்குக் கம்பி வேண்டும். உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி இரண்டும் லைற் இருக்கும் இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். மிச்சமாவது லைற்றிலிருந்து சுவர் வழியாக ஆளிக்கு இறங்கும் வயர் மட்டுமே. ஆனால் சுவரை வெட்ட வைப்பதும் செலவைக் கூட்டுவதும் பெரும்பாலும் அந்த வயர்தான்.

ஆகவே கீழ்க்கண்ட இடங்களில் இது நல்ல பயன் தரும்:

• ஏற்கெனவே லைற் இருக்கிறது, ஆனால் ஆளி தவறான இடத்தில் இருக்கிறது. உதாரணமாக, விறாந்தை லைற்றை உள்ளே படுத்திருப்பவர் எரிக்க வேண்டும்.

• ஒரு லைற்றுக்கு இரண்டு இடத்தில் ஆளி வேண்டும். ஒரு வாங்கிக்கு இரண்டு மூன்று தட்டுகளைப் பழக்கி வைக்கலாம்.

• நடக்க முடியாதவர், கால் இழந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோருக்கு ஆளி எட்டவில்லை. தட்டைக் கட்டிலில் கூடக் கட்டி வைக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு இன்னும் எளிய வகை ஒன்று உண்டு. அது மின்குமிழுக்கும் ஹோல்டருக்கும் இடையில் பொருந்தும் வாங்கி. பழைய குமிழைக் கழற்றி, வாங்கியை மாட்டி, அதில் குமிழைப் போட்டால் சரி. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வாங்குமுன் உங்கள் ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பழைய ஆளியை என்ன செய்வது?

பலர் தவறுவது இங்கேதான். நமது வீடுகளில் பெரும்பாலும் உயிர்க்கம்பி ஆளிக்குப் போய்த்தான் லைற்றுக்கு வருகிறது. அதனால் லைற் அருகே வாங்கியைப் பொருத்திய பின்னர் யாராவது பழக்கத்தில் பழைய ஆளியை அணைத்தால் வாங்கிக்கு மின்சாரம் நின்றுவிடும். பிறகு புதிய தட்டை எத்தனை முறை அழுத்தினாலும் லைற் எரியாது. 'சாமான் பழுதாகிவிட்டது' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம்! பழைய ஆளியை எப்போதும் போட்டபடி விட வேண்டும். சொந்த வீடானால், மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு ஆளிப் பெட்டிக்குள் இரு கம்பிகளையும் முறையாக இணைத்து மூடிவிடலாம்.

'ஆளிப் பெட்டிக்குள்ளேயே வாங்கியை வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். வாங்கிக்கு நொதுமற்கம்பியும் தேவை. பழைய வீடுகளின் ஆளிப் பெட்டிகளில் பெரும்பாலும் அது இராது. அப்போது சிலர் நொதுமலுக்குப் பதிலாகப் புவிக்கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். லைற் எரியும், ஆனால் இது மிகவும் ஆபத்தான வேலை. ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம்.

4. அழுகிய வயரைப் புதிய ஆளி குணமாக்காது

இந்தப் பாடத்தின் மையம் இதுவே. கொழும்பின் பழைய வீடுகள் சிலவற்றில் மரச் சட்டத்துக்குள் றப்பர் உறையிட்ட வயர்களை இன்னும் காணலாம். காலம் செல்ல றப்பர் காய்ந்து, தொட்டால் உதிரும். ஊரில் பல வருடங்கள் மழையில் நனைந்து கிடந்த வீட்டுச் சுவர்களுக்குள் எஞ்சியிருக்கும் வயரும் நம்பத்தக்கதல்ல. அத்தகைய வீட்டில் கம்பியில்லா ஆளி பூட்டுவது, உள்ளே சீழ் பிடித்த புண்ணுக்கு மேலே துணி கட்டுவது போன்றது. வெளியே எல்லாம் புதிதாகத் தெரியும். உள்ளே நெருப்பு காத்திருக்கும்.

பின்வரும் அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் ஆளி வாங்கும் எண்ணத்தை ஒத்திவைத்து, முதலில் வயரைச் சோதியுங்கள்:

• ஆளியோ செருகியோ சூடாகிறது, சுற்றிலும் கறுத்திருக்கிறது.
• எரிந்த றப்பர் மணம் வருகிறது.
• மழை நாளில் சுவரைத் தொட்டால் கூசுகிறது அல்லது அடிக்கிறது.
• லைற் தானாக மங்கிப் பிரகாசிக்கிறது.
• பியூஸ் அடிக்கடி போவதால் யாரோ தடித்த கம்பி போட்டிருக்கிறார்கள்.
• 'றிப் சுவிச்' அடிக்கடி விழுகிறது என்று அதை ஒதுக்கி நேராக இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியில் சொன்னது மிகப் பெரிய குற்றம். மின்சாரம் வயரை விட்டு மனித உடல் வழியாக நிலத்துக்கு ஒழுகினால், வீட்டுக்குரிய றிப் சுவிச் 30 மில்லி அம்பியர் அளவிலேயே விழுந்து உயிரைக் காக்கிறது. அது விழுவது நமக்குச் செய்யும் எச்சரிக்கை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையேனும் அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

வயரின் உறை நல்ல நிலையில் உள்ளதா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. தகுதி பெற்ற மின்வேலையாளர் 500 வோல்ற்றில் அளக்கும் கருவியால் சோதிப்பார். தடை ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயர் ஏற்கத்தக்கதல்ல. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவரைத் தேடிப் பிடியுங்கள். வாடகை வீடானால், சோதனையில் கண்டதை வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். வீடு அவருடையதுதான். ஆனால் உள்ளே உறங்குவது உங்கள் பிள்ளைகள்.

5. சில கணக்குகள்

வாங்கி எந்நேரமும் சைகைக்குக் காத்திருப்பதால் லைற் அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் குடிக்கும். ஒரு வாங்கி 1 வாற்று எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 24 மணி, மாதம் 30 நாள்: 720 வாற்று மணி, அதாவது 0.72 அலகு. ஐந்து வாங்கி என்றால் 3.6 அலகு. சிறிய கணக்குத்தான். ஆனால் நமது மின்பட்டியல் 30, 60, 90 என்ற படிகளில் ஏறுவது. மாதம் 58 அலகு பாவிக்கும் குடும்பம் 3.6 அலகால் 60ஐத் தாண்டினால் பட்டியல் எதிர்பாராமல் உயரும். ஆகவே எல்லா லைற்றுக்கும் பூட்ட வேண்டாம். உண்மையில் தேவையான ஒன்றிரண்டுக்கு மட்டும் போதும்.

கமக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. 'இதைக் கொண்டு கிணற்று மோட்டரையும் வீட்டிலிருந்தே போடலாமே' என்று தோன்றும். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 0.04 அம்பியரே எடுக்கும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். லைற்றுக்கென்று செய்த வாங்கியின் உள்முனைகள் அதில் உருகி ஒட்டிவிடலாம். பிறகு தட்டை அழுத்தினாலும் மோட்டர் நிற்காது. கிணறு வற்றி மோட்டர் எரியும். மோட்டருக்கு அதற்கென உள்ள தொடக்கியே வேண்டும்.

6. வேறு சில கவனங்கள்

தகரம்: சைகை செங்கல் சுவரை ஓரளவு ஊடுருவும். தகரத்தை ஊடுருவாது. தகரக் கொட்டிலிலும், கம்பி நிறைந்த கொங்கிறீற் சுவருக்கு அப்பாலும் தூரம் குறையும். பெட்டியில் எழுதியுள்ள தூரம் வெட்டவெளிக்கு உரியது. பூட்டுமுன் கையில் வைத்து அழுத்திப் பாருங்கள்.

மின்வெட்டு: 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் திரும்பும்போது சில வாங்கிகள் லைற்றைத் தாமாகவே எரித்துவிடும். சில அணைந்தபடி இருக்கும். எது என்று கேட்டு வாங்குங்கள்.

இடிமின்னல்: சித்திரையிலும் ஐப்பசியிலும் மின்னல் கூடிய நாட்களில் இத்தகைய மின்னணுப் பொருட்கள் எளிதில் பழுதாகும். பிரதான ஆளியை அணைத்து வைப்பது நல்லது.

குமிழ் மாற்றுதல்: தட்டை அழுத்தி லைற்றை அணைத்துவிட்டோம் என்று ஹோல்டரில் கை வைக்க வேண்டாம். ஒரு பிள்ளை மற்ற அறையிலிருந்து அழுத்திவிடலாம். பிரதான ஆளியை அணைத்த பின்னரே தொடுங்கள்.

நாணயப் பற்றறி: சிறு பிள்ளை இதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் எரிந்து புண்ணாகலாம், உயிரும் போகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பற்றறி மூடி திருகாணியால் பூட்டப்பட்ட வகையையே வாங்குங்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பற்றறி இல்லாத வகை மிக நல்லது.

7. சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

அ. எங்கள் வீடுகளில் இருட்டில் விழும் ஆபத்து எங்கே அதிகம்? விறாந்தையிலா, கிணற்றடியிலா, மலசலகூடப் பாதையிலா? யாருக்கு முதலில் உதவி தேவை?

ஆ. அந்த இடத்தில் ஏற்கெனவே லைற் இருக்கிறதா? இல்லையெனில் கம்பியில்லா ஆளி அங்கே உதவுமா?

இ. மேலே சொன்ன ஆறு அடையாளங்களில் எவை எங்கள் வீட்டில் உள்ளன? இன்றே போய்ப் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

ஈ. ஒரு மின்வேலையாளரைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால், வயர்ச் சோதனைக்குச் செலவு எவ்வளவு குறையும்? விசாரித்து வருவதற்கு இருவரை நியமியுங்கள்.

வயர் நல்லதென்று உறுதியான பின், ஆளி வாங்குங்கள். முதல் தட்டை வீட்டில் மிக வயதானவரின் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.