நேசமணியும் தனிப்பாடற்றிரட்டும்

எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கிய தொல்காப்பியனார் நகையையே முதற்கண் வைத்தார். பிறரை எள்ளுதலாலும், இளமையாலும், பேதைமையாலும், மடத்தாலும் நகை தோன்றும் என்பது அவர் கொள்கை. இந்நான்கும் இக்காலத்தில் யாண்டு மிகுதியாக வழங்குகின்றன என வினவின், நூல்நிலையத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. சட்டைப் பையிலுள்ள கைப்பேசியைத் திறந்தாற் போதும். திரைப்படத்தினின்றும் எடுத்த அசையாத முகம் ஒன்று, அதன் மேலும் கீழும் இரண்டு வரிச் சொற்கள்: இதனை மீம் என்பர். 1976ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்னும் உயிரியலறிஞர், போலச் செய்யப்பட்டது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றைக் குறுக்கி அமைத்த பெயர் இது. ஓர் உள்ளத்தினின்று மற்றோர் உள்ளத்துக்குத் தொற்றிச் செல்லும் கருத்தையே அவர் குறித்தார். சிரிப்புப் படம் என்னும் பொருள் பிற்காலத்தார் ஏற்றியது. கற்றோர் பலர் இவற்றை வீண்பொழுது என்று ஒதுக்குவர். யாமோ இவற்றைத் தமிழ்த் தனிப்பாடல்களின் வழித்தோன்றல்கள் எனக் கருதுகின்றோம். அதனை ஓர் எடுத்துக்காட்டால் நோக்குவாம்.

யாம் பிறப்பதற்கு முன்னரே, 2001ஆம் ஆண்டில், சித்திக் என்பார் இயக்கிய ‘பிரெண்ட்ஸ்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் நேசமணி என்னும் பெயருடைய பெயிண்டிங் காண்டிராக்டர் ஒருவர் வருகின்றார். அவராக நடித்தவர் நம் மதுரை மண்ணினரும் வைகைப் புயல் என வழங்கப்பெறுபவருமாகிய வடிவேலு. பழைய மாளிகை ஒன்றில் வேலை நடக்கையில், மேலே நின்ற மருமகன் கிருஷ்ணமூர்த்தியின் கைதவறிய சுத்தியல் காண்டிராக்டர் தலையில் வீழ்கின்றது. காட்சி இவ்வளவே.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பொறியியல் கற்போர்க்கான முகநூற் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தை இட்டு, உங்கள் நாட்டில் இதற்குப் பெயர் யாது என வினவிற்று. தமிழர் ஒருவர் இதன் பெயர் சுத்தியல் என விடை பகர்ந்து அமையாமல், இது எழுப்பும் ஓசையையும் கூறி, காண்டிராக்டர் நேசமணியின் தலை இதனாலேயே உடைந்தது என்றும் இரங்கி எழுதினார். தமிழ் அறியாதார் அதனை மெய்யென நம்பக்கூடும் என்பதே அவ்விடையின் சுவை. உடனே மற்றொருவர், அவர் இப்பொழுது நலமோ என்று கவலையோடு கேட்டார். அக்கேள்விதான் தீப்பொறி. நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்னும் முழக்கம் டுவிட்டரில் (2023 முதல் இதற்கு எக்ஸ் என்று பெயர்) இந்தியாவெங்கும் பரந்து, பின்னர் உலக வரிசையிலும் ஏறிற்று. மே 30ஆம் நாள் தில்லியில் புதிய அமைச்சரவை பதவியேற்றது. அப்பெருஞ்செய்தியோடு நம் காண்டிராக்டரும் தோளோடு தோள் நின்றார்! அயல்நாட்டுச் செய்தி நிறுவனங்கள் யார் இந்த நேசமணி என்று விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

இங்கே நகை எவ்வாறு பிறந்தது? திரைப்படத்தில் பிறந்தது மடத்தாலும் பேதைமையாலும். தாமே யாவும் அறிந்தவர் போல் ஏவும் தலைவரும், ஏவியதைக் கெடுத்து வைக்கும் ஏவலாளரும் கூடிய கூட்டம் தமிழுக்குப் புதிதன்று. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றி, 1822இல் பாபிங்டன் என்பாரது ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறிய பரமார்த்த குருவின் கதையை நினைவு கூர்க. ஆறு விழித்திருக்கின்றதோ உறங்குகின்றதோ எனக் கொள்ளிக்கட்டையால் சோதித்த அச்சீடர்களைப் பெயிண்ட் வாளியோடு நிறுத்தினால் நேசமணியின் கூட்டம் ஆகிவிடும். ஆனால் 2019இல் நிகழ்ந்த நகை வேறு வகையது. அது எள்ளலின்பாற் பட்டது. எதனை எள்ளியது என்பதே ஆராயத்தக்கது.

எம்மனோர் கிறிஸ்தவ இல்லங்களில் நேசமணி என்பது பாட்டனார்க்கும் பெரிய தந்தையார்க்கும் வழங்கிய பெயர். கன்னியாகுமரிப் பகுதி 1956இல் சென்னை மாநிலத்தோடு இணையப் போராடிய மார்ஷல் நேசமணியாரும் அப்பெயரினரே. அத்தகைய பெயரையும் பிரார்த்தனை என்னும் சொல்லையும் சேர்த்து விளையாடுதல் தகுமோ என்று எம் நண்பரிடையே ஒருநாள் சொற்போர் நிகழ்ந்தது. எம் கருத்து இது: 2011இல் ஜப்பானில் கடல்கோள் நேர்ந்தபொழுதும், 2015இல் பாரிஸ் நகரில் மக்கள் கொல்லப்பட்டபொழுதும் இதே வாய்பாடு உலகெங்கும் எழுதப்பட்டது. எழுதினோருள் மெய்யாகவே முழந்தாளிட்டவர் எத்துணையர்? விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு அடுத்த படத்துக்குச் சென்றவரே பலர். இல்லாத காண்டிராக்டருக்காக எழுதப்பட்ட பிரார்த்தனை, இருப்பவருக்காகச் செய்யப்படாத பிரார்த்தனையைக் காட்டிக் கொடுத்தது. எனினும், அச்சொல் இதனாற் சிறிது தேய்ந்தது என்று தோழர் ஒருவர் கூறியதை முற்றும் மறுக்க யாம் துணியவில்லை.

இனி வடிவத்தை நோக்குவாம். அக்காலத்தில் புலவரைச் சோதிக்க விரும்புவோர் ஈற்றடியொன்றைக் கொடுத்து, மேலடிகளைப் பாடி நிரப்புக என்பர். கொடுத்த அடி எத்துணைப் பொருந்தாததோ அத்துணைச் சுவை பாட்டுக்கு உண்டு. மீமிலும் அவ்வாறே, கொடுக்கப்பட்டது முகம், நிரப்பப்படுவது சொல். ஒரே முகத்துக்கு ஆயிரவர் சொல் எழுதுகின்றனர். எம் உறைவிடமாகிய பழங்காநத்தத்தில் இதற்குக் கைப்பேசிகூட வேண்டா. ரவுண்டானாவைச் சுற்றிய சுவர்களில் காதணி விழாவுக்கும், திருமணத்துக்கும், நினைவஞ்சலிக்கும் ஒட்டப்படும் சுவரொட்டிகள் யாவும் கொடுத்த முகத்துக்குச் சொல் நிரப்பியவையே. தேநீர்க் கடையொன்றில் கடன் இல்லை என எழுதவேண்டிய இடத்தில், 2003இல் வந்த ‘வின்னர்’ படத்துக் கைப்புள்ளயின் அடிபட்ட முகத்தை மட்டும் ஒட்டியிருந்தனர். ஒரு சொல்லும் இல்லை. கடன் கேட்டவரும் இல்லை.

ஆயினும் ஒன்று. அங்கதத்தைத் தொல்காப்பியனார் வெளிப்படையாகப் பழிப்பது, பழியை மறைத்துக் கூறுவது என இரண்டாகப் பகுத்தார். இரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை இக்காலத்தில் உண்டு. தெருவிற் செல்லும் எளியவர் முகத்தை அவர் அறியாமற் படமெடுத்து ஊர் சிரிக்கச் செய்தல். நடிகர் தம் முகத்தைச் சிரிப்புக்கென்றே தந்தார். அவர் தரவில்லை. அதனை அங்கதம் என்று கூற யாம் ஒருப்படோம்.

தனிப்பாடலுக்கு வருவாம். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதைக் காளமேகப் புலவர் வசையாகப் பாடினார் என்பதும், அவ்வசையே வாழ்த்தாகவும் பொருள் கொள்ளப்பட்டது என்பதும் நாம் அறிவோம். அப்பாட்டின் தலையில் அது பிறந்த சூழல் எழுதப்படாதிருந்தால், பசித்த புலவரையும் காணோம், நகையையும் காணோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவால் சந்திரசேகர கவிராச பண்டிதர் தனிப்பாடல்களைத் திரட்டினார். அவர் போன்றோர் திரட்டியிராவிடில் அவை வாய்மொழியோடு மாய்ந்திருக்கும்.

மீமின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. ஓலைக்குச் செல் அரித்தல் மெல்ல நிகழும். இணையப் பக்கம் ஒரே நாளில் மறையும். ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபொழுது, நம் சிற்றூர் மக்கள் நடித்துப் பாடிய எண்ணற்ற பகடிகள் நம் பார்வையினின்றும் நீங்கின. படம் எஞ்சினும் சூழல் எஞ்சுவதில்லை. எம் முதலாண்டு மாணவருள் நேசமணியின் முகத்தை நாடோறும் வழங்கியும், சுத்தியல் வீழ்ந்த கதையை அறியாதார் இப்பொழுதே உளர். தமிழ் பயில்வோர் கருவி நூல்களோடு ஒரு குறிப்பேட்டையும் வைத்து, படம், அது எடுக்கப்பெற்ற திரைப்படம், அதனைப் பிறர்க்கு ஏவிய நிகழ்ச்சி, ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வருதல் அரிய செயலன்று. இவ்வாண்டு யாங்கள் நால்வர் தொடங்கியிருக்கின்றோம். பழைய திரட்டின் முறைப்படியே முதற்பக்கத்தில் எழுதிய குறிப்பு வருமாறு:

“2019 மே மாதத்திலே, முகநூலார் ஒருவர் சுத்தியலுக்குப் பெயர் யாது என்று வினவ, தமிழர் ஒருவர் காண்டிராக்டர் நேசமணி தலையுடைந்ததைக் கூறி விடையிறுத்தது, அது கேட்டு, அவர் நலமோ என்று பிறிதொருவர் வினவியது.”