பழைய உலையை மூட்டும் முன்

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, மேட்டூர்ப் பக்கத்து மாங்காடு, தெலுங்கனூர் ஆகிய ஊர்களின் பெயரைக் கடல்தாண்டிக் கொண்டுபோனது. அங்கே கிடைத்த இரும்பு கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தது. சேலத்தின் இரும்புத்தாது மலையான கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்த மாணவருக்கு அடுத்த கேள்வி தானாக எழும்: அதை எப்படி உருக்கினார்கள்? உலை கட்டி, கரி கொட்டி, துருத்தி போட்டு அதைச் செய்தே பார்ப்பதற்குச் சோதனைத் தொல்லியல் என்று பெயர். இதைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்கு எழுதுகிறேன்.

முதலில், தொல்லியல் இடத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். பழைய உலையின் சுட்ட மண், கடைசியாக ஆறிய காலத்துப் பூமியின் காந்தத் திசையைத் தன்னுள் பதித்து வைத்திருக்கும். அதை வைத்துக் காலம் கணிக்கலாம். மறுபடி சூடேறினால் அந்தப் பதிவு அழியும். காலம் கணிக்கும் இன்னொரு வழியான வெப்ப ஒளிர்வு முறைக்கான தடயமும் அதோடு போகும். உங்கள் புதுக்கரி ஒரு துண்டு பழைய மண்ணடுக்கில் விழுந்தால் ரேடியோ கார்பன் கணிப்பு தப்பாகும். இருபது வருஷம் கழித்து வரும் ஆய்வாளர் உங்கள் இரும்புக் கிட்டத்தை, அதாவது உருக்கியபின் மிஞ்சும் கசடை, பழங்காலத்தது என்று எண்ணி ஏமாறவும் கூடும். ஆகவே கிட்டம் கிடக்கும் காட்டை விட்டு நன்றாகத் தள்ளி, கல்லூரி வளாகத்திலோ, உரிமையாளர் எழுத்தில் சம்மதித்த தோட்டத்திலோ உலையைக் கட்டுங்கள். மிஞ்சிய கசடைக் குழிதோண்டிப் புதைக்கும்போது அந்த வருஷத்து நாணயம் ஒன்றையும் கூடப் போட்டு மூடுங்கள். தோண்டுகிறவருக்கு அது உண்மையைச் சொல்லிவிடும்.

அனுமதி விஷயத்தில் அவசரம் ஆகாது. நாமக்கல் மலைக்கோட்டை, குடைவரைகள், சங்ககிரிக் கோட்டை எல்லாம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தப்படி இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. சின்ன மண் உலைதானே என்று நினைக்காமல் எழுதிக் கேளுங்கள். மலையில் தாதுக்கல் எடுப்பதற்கு முன் வனத்துறையையும் கனிமவளத் துறையையும் கேட்டாக வேண்டும். வயலில் கிடக்கும் பழைய கிட்டத்தையும் பானை ஓட்டையும் எடுத்துவரவே கூடாது.

கேள்வி கூர்மையாக இல்லாத சோதனை வெறும் வேடிக்கையாகிவிடும். 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், நம் பக்கத்து எஃகு செய்முறையை விவரித்திருக்கிறார். மூசை என்னும் மண்குடுவைக்குள் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் போட்டு, மேலே பச்சிலை மூடி, களிமண்ணால் வாயடைத்துச் சுடுவார்கள். இரும்பு கரிச்சத்தை ஏற்று எஃகாகும். இதில் ஆவாரைக்குத் தனிச்சிறப்பு உண்டா, வேறு மரக்குச்சியும் அதே வேலையைச் செய்யுமா? இது நல்ல கேள்வி. ஒரே களிமண், ஒரே இரும்பு, ஒரே சூடு, குச்சி மட்டும் வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் கிடைக்கும் பதிலை நம்பலாம்.

இலங்கைச் சமனலவெவவில் ஜில் ஜூலெஃப் செய்தது இதற்கு அருமையான முன்னுதாரணம். பருவக்காற்றுக்கு எதிரே மலைச்சரிவில் அமைந்த பழைய உலைகளை அவர் அகழ்ந்தார். துருத்தி இல்லாமல் காற்றே உலையை எரித்திருக்குமா என்று கேட்டு, அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் உருக்கினார். உயர்கரி எஃகு கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. முடியாது என்று நினைத்திருந்ததை முடியும் என்று காட்டியதுதான் அதன் பலம். சோதனை சொல்லக்கூடியது அவ்வளவுதான்: ‘இப்படியும் செய்திருக்க முடியும்’. ‘இப்படித்தான் செய்தார்கள்’ என்று எழுத வேண்டுமானால் உங்கள் கசடும் அகழாய்வில் கிடைத்த கசடும் நுண்ணோக்கியிலும் வேதிப் பகுப்பிலும் ஒத்துப்போக வேண்டும். அப்போதும் அடக்கமாகவே எழுதுங்கள்.

கொல்லரை மறக்காதீர்கள். நெருப்பின் நிறம் பார்த்துச் சூட்டைச் சொல்லும் அறிவு அவர்களுடையது. ஒரு நாள் பட்டறையை மூடிவிட்டு வருகிறவருக்கு அந்த நாளின் கூலியை முழுதாகக் கொடுங்கள். அவர் சம்மதித்தால் ஆய்வறிக்கையில் ஆசிரியராகவே பெயரைப் போடுங்கள். ‘உள்ளூர்த் தொழிலாளர் ஒருவர்’ என்று எழுதுவது அநியாயம். அவர் சொல்லும் யோசனையையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறித் துருத்தி பயன்படுத்தினால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

குறிப்பேடுதான் உங்கள் உண்மையான விளைபொருள். கரி எந்த மரத்தது, தாது எத்தனை கிலோ, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கொட்டினீர்கள், நிமிடத்துக்கு எத்தனை துருத்தி அடி, வெப்பமானி என்ன காட்டியது என்பதையெல்லாம் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதியது ஆதாரமாகாது. உலை அடைத்துக்கொண்டு இரும்பே வராத நாளின் பதிவையும் கசடையும் அதே கவனத்தோடு காப்பாற்றுங்கள். அடைப்பு எங்கே ஏற்பட்டது என்பது அடுத்தவருக்குப் பெரிய உதவி.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கஞ்சமலைத் தாதுவில் காந்த இரும்போடு குவார்ட்ஸ் அடுக்கடுக்காக இருக்கும். உடைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நனைத்து உடையுங்கள், தரமான முகமூடி போடுங்கள். உலைவாயில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அதனால் திறந்தவெளியில் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். ஈரம் காயாத உலை வெடிக்கும். உருகிய கசடில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல் போடுங்கள். நைலான் உடை வேண்டாம், பருத்தி போதும்.

படிப்புக்கு வழி உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறையின் நிறுவனம் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் படிக்கலாம். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் துறை இருப்பது நம் ஊருக்கு வாய்ப்பு. தொல்லியல் மாணவரும் உலோகவியல் மாணவரும் சேர்ந்து ஒரே உலையில் வேலை செய்தால் இரண்டு பேருக்கும் லாபம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு ஒரே ஒரு சோதனையின் முழுப் பதிவையும் கொண்டுபோங்கள்: அனுமதிக் கடிதம், எடைக் கணக்கு, படங்கள், கசடுப் பகுப்பாய்வு, தவறிப்போன முயற்சிகள் உட்பட. எந்தக் கேள்வியோடு தொடங்கினீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.