கார்ட்லெஸ் போன் வைத்திருக்கிறீர்களா? கரன்ட் போனால் அது பேசுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் மேசையைப் பாருங்கள். மானிட்டருக்குப் பக்கத்தில் மோடம் அல்லது வைஃபை ரூட்டர். அதற்குப் பக்கத்தில் கார்ட்லெஸ் போன். மேசைக்குக் கீழே யு.பி.எஸ். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தாலும் இவற்றுக்குள் என்ன சம்பந்தம் என்று நாம் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. ஓர் இரவு என்னை யோசிக்க வைத்தது. என் அனுபவத்தையும், உறவினர்கள், அக்கம்பக்கத்தாரின் அனுபவங்களையும் வைத்து கார்ட்லெஸ் போனைப் பற்றி இந்த மாதம் பார்ப்போம்.

அந்த இரவு

2012-ம் வருடம் அக்டோபர் மாதம். தமிழகத்தில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த நேரம். மதுரையில் எங்கள் வீட்டில் அன்று மாலையிலிருந்தே கரன்ட் வருவதும் போவதுமாக இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அம்மா வந்து எழுப்பினார்கள். "தம்பி, அப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுதுப்பா. நெஞ்சை அடைக்குதுங்கிறாங்க."

என் செல்போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. ஹாலுக்கு ஓடி கார்ட்லெஸ் போனின் ஹேண்ட்செட்டை எடுத்தேன். திரையில் பேட்டரி முழுதாக இருப்பதாகக் காட்டியது. பச்சைப் பட்டனை அழுத்தினால் டயல் டோன் வரவில்லை. 'பீப்' என்று ஒரு சத்தம் மட்டும்தான். மூன்று முறை அழுத்தியும் அதே கதை. பிறகுதான் இருட்டில் பேஸ் யூனிட்டைப் பார்த்தேன். அதில் விளக்கே எரியவில்லை.

கார்ட்லெஸ் வாங்கியபோது எங்கள் பழைய வயர் போனைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்றேன். "இருக்கட்டும்டா, அது என்ன சோறா கேக்குது?" என்று அப்பாதான் அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வைத்திருந்தார். அம்மா மெழுகுவர்த்தி பிடிக்க, அதை இறக்கினேன். கார்ட்லெஸ் பேஸில் செருகியிருந்த லைன் வயரைப் பிடுங்கி அதில் செருகினேன். டயல் டோன் கேட்டது. 108-ஐ அழைத்தேன்.

அப்பா எட்டு நாள் கழித்து வீடு திரும்பினார். வந்ததும் அந்தப் பழைய போன் எங்கே என்றுதான் முதலில் கேட்டார்.

ஹேண்ட்செட்டில் சார்ஜ் இருந்தும் ஏன் பேசவில்லை?

கார்ட்லெஸ் போன் என்பது ஒரு போன் அல்ல, இரண்டு சிறிய ரேடியோக்கள். ஒன்று உங்கள் கையில் இருக்கும் ஹேண்ட்செட். இன்னொன்று டெலிபோன் லைனில் இணைக்கப்பட்ட பேஸ் யூனிட். நீங்கள் பேசுவதை ஹேண்ட்செட் ரேடியோ அலையாக அனுப்புகிறது. பேஸ் அதை வாங்கி லைனுக்குள் விடுகிறது. எதிர்முனைக் குரல் இதே வழியில் திரும்பி வருகிறது. இது புது யோசனையும் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்வைகர்ட் என்பவர் 1969-லேயே இப்படிப்பட்ட கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

ஹேண்ட்செட்டுக்கு பேட்டரி இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மாடல்களில் பேஸுக்கு பேட்டரி கிடையாது. அது அடாப்டர் வழியாக வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. கரன்ட் போனால் பேஸ் செத்துவிடும். பதில் சொல்ல ஆளில்லாமல் ஹேண்ட்செட் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் வயர் போன் எப்படிப் பேசியது? பழைய செம்புக் கம்பி லைனில் குரலோடு மின்சாரமும் வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உள்ள பெரிய பேட்டரிகளிலிருந்து சுமார் 48 வோல்ட் டி.சி. அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வருகிறது. ஊரே இருட்டாக இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் ஓடுகிற வரை அந்த போன் பேசும்.

இதுதான் இந்தப் பாடத்தின் மையம். எந்த போன் வாங்கினாலும் 'இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?' என்று கேளுங்கள்.

ஃபைபர் வந்தபின் கதை மாறியது

பழைய போன் கைவசம் இருக்கிறது என்று பத்து வருடம் தைரியமாக இருந்தேன். 2022-ல் எங்கள் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் கேபிள் போட்டார்கள். இன்டர்நெட் வேகம் பல மடங்கு கூடியது. அதே நம்பர்தான். போன் வயரை மட்டும் ஓ.என்.டி. எனப்படும் புதுப் பெட்டியின் பின்னால் உள்ள போன் துளையில் செருகிவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் கரன்ட் போனபோது சும்மா பழைய போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை! காரணம் எளிது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. போனுக்கு வேண்டிய மின்சாரத்தை இப்போது அந்தப் பெட்டிதான் தருகிறது. பெட்டிக்கோ நம் வீட்டு பிளக் பாயின்ட்தான் கதி. ஆக, ஃபைபர் இணைப்பில் வயர் போன் மட்டும் இருந்தால் போதாது. பெட்டிக்கும் பேக்கப் வேண்டும்.

இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டருக்கு வாங்கிய யு.பி.எஸ். உதவுகிறது. வீடுகளில் உள்ள சிறிய யு.பி.எஸ். பலவற்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரை அது சில நிமிடங்களே தாங்கும். ஆனால் ஓ.என்.டி. பெட்டியும் கார்ட்லெஸ் பேஸும் சேர்ந்து இழுப்பது கம்ப்யூட்டர் இழுப்பதில் சிறு பகுதிதான். என் வீட்டில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இவை இரண்டை மட்டும் ஓட விட்டபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. உங்கள் பேட்டரியின் வயதைப் பொறுத்து இது மாறும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சில யு.பி.எஸ்-கள் லோடு மிகக் குறைவாக இருந்தால் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகத் தாமே அணைந்துவிடும். உங்களுடையது அப்படியா என்று சோதித்துப் பாருங்கள். இரண்டாவது, பழைய வயர் போன்களின் அடியில் 'பி', 'டி' என்று ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். பல ஓ.என்.டி. பெட்டிகளில் பல்ஸ் முறை வேலை செய்யாது. எனவே ஸ்விட்சை டோன், அதாவது 'டி' பக்கம் தள்ளி வையுங்கள்.

மாடி வீட்டு சாரின் வைஃபை பிரச்னை

எங்கள் மாடி வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சிங்கப்பூரில் உள்ள மகளுடன் வீடியோவில் பேசுவதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கினார். "தம்பி, வீட்டு போன் மணி அடிச்சாப் போதும், என் பேத்தி அப்படியே சிலை மாதிரி நின்னுடறா" என்றார். போய்ப் பார்த்தேன். ரூட்டரின் தலைமேலேயே கார்ட்லெஸ் பேஸை வைத்திருந்தார்!

நம் நாட்டில் விற்கப்பட்ட கார்ட்லெஸ் போன்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. வைஃபையும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். மூன்று பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஐரோப்பாவில் உருவான டெக்ட் என்ற வகை போன்கள் அங்கே 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தனி இடத்தில் இயங்குவதால் வைஃபையுடன் மோதுவதில்லை. உங்கள் போன் எந்த வகை என்பதை பேஸின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலோ அட்டைப் பெட்டியிலோ பாருங்கள்.

சார் வீட்டில் செய்ததை வரிசையாகத் தருகிறேன். நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள்.

1. பேஸையும் ரூட்டரையும் இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். பாதிப் பிரச்னை இதிலேயே தீரும்.

2. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் கம்ப்யூட்டரை அதில் இணையுங்கள். வைஃபை பட்டியலில் உங்கள் பெயர் இரண்டு முறை தெரிந்து, ஒன்றில் '5ஜி' என்று இருந்தால் அதுதான். செல்போனில் சொல்லும் 5ஜி வேறு, இது வேறு.

3. அந்த வசதி இல்லையென்றால் சேனலை மாற்றுங்கள். பிரவுசரைத் திறந்து, ரூட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை டைப் செய்யுங்கள். பலவற்றில் இது 192.168.1.1 என்று இருக்கும். யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே சென்று, வயர்லெஸ் பகுதியில் சேனல் என்ற இடத்தில் 1, 6, 11 ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். சில போன்கள் அலைவரிசை முழுவதும் தாவித் தாவிப் பேசும். அவற்றிடம் இந்த வழி அவ்வளவாகப் பலிக்காது.

4. கம்ப்யூட்டர் நகராமல் ஒரே இடத்தில் இருப்பதென்றால் லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள். சார் கடைசியில் இதைத்தான் செய்தார். இப்போது பேத்தி சிலையாவதில்லை.

அக்கா தூக்கிப் போடவிருந்த போன்

கோயம்புத்தூரில் உள்ள என் அக்கா, ஐந்து நிமிடம் பேசினால் ஹேண்ட்செட் அணைந்துவிடுகிறது, புதிது வாங்கப் போகிறேன் என்றார். பின்மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே டிவி ரிமோட்டில் போடும் அளவில் இரண்டு செல்கள் இருந்தன. அவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜபிள் செல்கள். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். நாலைந்து வருடமாக மாற்றவே இல்லையாம். புது செல் இரண்டு போட்டதும் போன் பழையபடி ஆனது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண ரிமோட் செல்லும் அதே அளவுதான், கச்சிதமாக உட்காரும். ஆனால் அது சார்ஜ் செய்யக் கூடாத செல். சார்ஜரில் வைத்தால் சூடேறிக் கசியும், வெடிக்கவும் கூடும். எனவே செல்லின் மேல் 'ரீசார்ஜபிள்' என்றும் 1.2 வோல்ட் என்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில மாடல்களில் வயருடன் கூடிய பேட்டரி பேக் இருக்கும். அதற்குப் பழைய பேக்கைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

புது செல் போட்டதும் மேனுவலில் சொன்ன நேரம் முழுக்க சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் ஏறாவிட்டால் தொட்டிலில் உள்ள உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். செல் மாற்றியபின் ஹேண்ட்செட் பேஸைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் மறுபடி பதிவு செய்ய வேண்டும். பல மாடல்களில் பேஸில் உள்ள பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் இதற்கு வழி கிடைக்கும்.

அட்டைப் பெட்டியில் எழுதிய தூரம்

'300 மீட்டர்' என்று பெட்டியில் போட்டிருந்தால் அது திறந்த வெளிக்கு. வீட்டுக்குள் 50 மீட்டர் என்பதே பெரிய விஷயம். கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் ஆகியவை அலைகளைத் தடுக்கும். பேஸை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில், பீரோவிலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னும் செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் ஸ்ப்ளிட்டரையும் கவனியுங்கள். குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் போகிறது. இன்டர்நெட் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. இரண்டையும் பிரிப்பது அந்தச் சிறிய பெட்டிதான். போனில் 'உஸ்' என்று இரைச்சல் கேட்டாலோ, போனை எடுத்ததும் நெட் துண்டித்தாலோ, ஸ்ப்ளிட்டரைத் தாண்டி ஏதாவது ஒரு போன் நேரடியாக லைனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்றே செய்யும் சோதனை

பத்து நிமிடம் போதும். பகலிலேயே செய்துவிடுங்கள்.

1. யு.பி.எஸ். இருந்தால் அதில் ஓ.என்.டி. அல்லது மோடம், கார்ட்லெஸ் பேஸ் ஆகியவற்றைச் செருகுங்கள். கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

2. யு.பி.எஸ்-ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுங்கள். யு.பி.எஸ். இல்லாதவர்கள் ஓ.என்.டி., பேஸ் இரண்டின் ஸ்விட்சையும் அணையுங்கள்.

3. கார்ட்லெஸிலும் வயர் போனிலும் டயல் டோன் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் உங்கள் செல்போனுக்கு ஒரு கால் செய்து பாருங்கள்.

4. எந்த போன் பேசுகிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். 108, 112 என்ற எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

5. யு.பி.எஸ். இல்லாத வீட்டில் ஃபைபர் இணைப்பு மட்டும் இருந்தால், ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய டி.சி. யு.பி.எஸ். வாங்கலாம். வாங்குமுன் உங்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொண்டு போங்கள். அதுவும் இல்லையென்றால் இரவில் ஒரு செல்போனாவது முழு சார்ஜில் இருக்கட்டும்.

கார்ட்லெஸ் போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சமையலறையில் இருந்துகொண்டே பேச அம்மாவுக்கு அதுதான் வசதி. ஆனால் எங்கள் வீட்டு ஹாலில் அப்பாவின் பழைய போனும் இருக்கிறது. கரன்ட் போகும்போதெல்லாம் அப்பா அதன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையாட்டி வைத்துவிடுவார். நீங்களும் ஒருமுறை எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.